பொதுச் சுவரில் யாருடைய ஒளி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டடங்களின் மேல் அசைபடங்களை ஒளிவீச்சாகக் காட்டும் கலை இன்று விளம்பரத்துக்கும் கைமாறிவிட்டது. இதில் எல்லை எங்கே என்று கேட்பவர்கள் ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓபரா ஹவுஸ் என்ற கலையரங்கைப் பார்க்க வேண்டும்.

2009 முதல் நடக்கும் விவிட் சிட்னி என்ற ஒளி விழாவில் அதன் பாய்மரம் போன்ற கூரைகள் திரையாகின்றன. முதலில் கணினியில் கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியை உருவாக்கி, அதன் வளைவுகளுக்கு ஏற்பவே படத்தை அசைக்கிறார்கள். அதனால்தான் ஓடுகளே உயிர்பெற்றது போலத் தோன்றுகிறது. 2016இல் ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர்கள் ஆறு பேரின் படைப்புகள் அங்கே அசைந்தன. எந்த நிலம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதோ, அதே நிலத்தில், நாட்டின் மிகப் புகழ்பெற்ற கட்டடத்தின் மேல்! இந்தக் கலைவடிவத்தின் உச்சம் அதுவே என்பேன்.

2018 அக்டோபரில் அதே கூரையில் ஒரு குதிரைப் பந்தயத்துக்கான விளம்பரம் ஒளிர்ந்தது. ஓபரா ஹவுஸ் நிர்வாகம் தயங்கியும் மாநில அரசு உத்தரவிட்டது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டனர். திரண்டு வந்தவர்கள் டார்ச்சும் கைபேசி விளக்கும் அடித்து அந்தப் படத்தைக் கலைக்க முயன்றனர்.

விளம்பரத்தில் அசைபடம் வருவதை நான் எதிர்க்கவில்லை. கடை முகப்பிலும் வணிக வளாகத்திலும் தாராளமாக வரட்டும். ஓபரா ஹவுஸ் போன்ற உலகப் பாரம்பரியச் சின்னங்களில் மட்டும் வணிக ஒளிவீச்சுக்கு அரசுகள் அனுமதி தரக் கூடாது. கலைஞர்களுக்கு ஒதுக்கும் இரவுகளை இன்னும் கூட்டலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்