எங்கள் தாத்தாவும் கைதிதான்

பெருமதிப்பிற்குரிய கண்காட்சி வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். போர்க்காலச் சிறையும் தப்பித்தலும் பற்றி நீங்கள் அமைத்துவரும் கண்காட்சியின் முன்னோட்டத்துக்குச் சென்ற ஞாயிறன்று என் பெரியம்மாவைப் பெங்களூரு அல்சூரிலிருந்து சக்கர நாற்காலியோடு அழைத்து வந்திருந்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த சயாம் (தாய்லாந்து) பர்மா ரயில்பாதைப் பகுதியில் முள்வேலியும் காவல் கோபுரமும் தத்ரூபமாக இருந்தன. எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர், "இதுல நம்ம ஆளுங்க எங்கடா?" என்றார். ஆசியத் தொழிலாளர்களும் ஈடுபடுத்தப்பட்டனர் என்ற ஒற்றை வரியைக் காட்டினேன்.

அவருடைய தகப்பனார் 1943இல் மலாயாவின் பேராக் தோட்டம் ஒன்றிலிருந்து அந்தப் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பவில்லை. சாவுச் செய்தியும் வராததால் பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. அவர் கண்மூடிய பிறகுதான், இறந்த நாள் தெரியாதவர்களுக்குரிய மகாளய அமாவாசையில் தாத்தாவுக்கு இலை போடத் தொடங்கினோம்.

இதைச் சொன்னபோது, கூலிகளைச் சுற்றி வேலி இல்லாததால் அவர்கள் 'கைதி' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று உங்கள் ஆய்வாளர் விளக்கினார். ஐயா, காடும் காலராவும் பாஷை தெரியாத ஊரும் சூழ்ந்திருக்க, வேலி எதற்கு? நல்ல கூலி என்று ஆசை காட்டியும், இலவசப் படம் என்று கூட்டிக் கதவைச் சாத்தியும் ரயிலேற்றப்பட்டவர்களை வேறு என்னவென்று அழைப்பது? அந்த 415 கிலோமீட்டரில் உழைத்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு, அவர்களில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். கைதிகளோடு அவர்களுடைய படை மருத்துவர்களாவது இருந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுக்காக ஏறக்குறைய 7,000 கல்லறைகள் பராமரிக்கப்படுகின்றன. தாத்தா எந்த மைலில் விழுந்தார் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

எனவே அந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு முழுச் சுவரையும், கன்னடம், ஆங்கிலத்தோடு தமிழிலும் விளக்கத்தையும் ஒதுக்க வேண்டுகிறேன்.

இடமில்லை என்றீர்கள். குழந்தைகள் டார்ச் விளக்கோடு தவழ்ந்து 'தப்பிக்கும்' சுரங்கத்துக்கும், மூன்று நிமிடத்தில் வெளியேறுவோருக்குச் சாவிக்கொத்து வழங்கும் மேசைக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. நாட்குறிப்பு எழுதத் தெரிந்த அதிகாரிகளின் தப்பித்தல்தான் எந்த அருங்காட்சியகத்திலும் சாகசம். கைநாட்டு வைத்தவன் ஓடினால் அது ஆள் குறைவு என்ற கணக்கு. மன்னிக்கவும், சற்றுக் கடுமையாகிவிட்டது. கேட்பது ஒரு சுவர் மட்டுமே.

திறப்பு விழாவுக்குப் பெரியம்மா மீண்டும் வர விரும்புகிறார். சக்கர நாற்காலி சுரங்கத்துக்குள் நுழையாது. ஆகவே, அருள்கூர்ந்து, அந்தச் சுவரை வாசலுக்கு அருகில் அமையுங்கள்.

இப்படிக்கு,
அல்சூர்வாசி ஒருவன்