நாமினி போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒருபால் திருமணத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்துவிட்டது என்று எங்கள் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பலர் நம்புகிறார்கள். 2025 மே மாதத் தீர்ப்பு, திருமணம் செய்யாமலும் இருவர் குடும்பமாகலாம் என்றுதான் சொன்னது. 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஒருபால் இணையரைச் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. சிறப்புத் திருமணச் சட்டம் மத்தியச் சட்டம். கேரள-தமிழக எல்லையான வாளையாறுக்கு எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான்.

இணையர் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், நாமினி போடலாம் என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது நல்லதுதான். ஆனால் நாமினி பணத்தைக் கையில் வாங்குபவர் மட்டுமே. வாரிசு வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நாமினியானால் இன்சூரன்ஸ் பணம் அவர்களுக்கே சொந்தம் என்னும் 2015-ம் ஆண்டுத் திருத்தத்திலும் இணையருக்கு இடமில்லை. பவர் பத்திரமோ, எழுதிக்கொடுத்தவர் கண்ணை மூடியதுமே செல்லாது.

எனவே உயில்தான் வழி. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்திடுவதைச் சாட்சிகள் இருவரும் பார்த்து, அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். ஒருவராவது இளவயதுக்காரராக இருக்கட்டும். நாளைக்குக் கோர்ட்டில் ஏறிச் சொல்ல ஆள் வேண்டுமே. பதிவு கட்டாயமில்லை, ஆனால் உறவினர் வம்புக்கு வருவார்கள் என்றால் பதிந்துவிடுங்கள். வீடு இங்கே, தோப்பு பொள்ளாச்சிப் பக்கம் என்றாலும் ஒரே உயில் போதும்: இங்கே தண்டப்பேர் எண் (கேரளத்தின் நில வரிக் கணக்கு எண்), அங்கே பட்டா எண், இரண்டுக்கும் சர்வே எண். ‘என் மனைவிக்கு’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு அதையே பிடித்து இழுக்கும்; பெயர், தகப்பனார் பெயர், முகவரி எழுதினால் போதும். இராவுத்தர் போன்ற முஸ்லிம் குடும்பங்களில், வாரிசுகள் சம்மதித்தாலொழிய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் கொடுக்க முடியாது.

சரி, உயிரோடிருக்கும்போதே கொடுத்துவிடலாம் என்றால் வரி குறுக்கே வருகிறது. கணவன் மனைவிக்குக் கொடுக்கும் பரிசுப் பணத்துக்கு வருமான வரி கிடையாது. இணையருக்கு ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் மொத்தத் தொகையும் வாங்கியவரின் வருமானம். உயில் வழியாக வந்தால் இந்த வரி இல்லை. இந்தப் பாகுபாட்டை எதிர்த்து 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2013-ல் ஒருபால் திருமணங்களுக்கு மத்திய அரசின் அங்கீகாரத்தை வாங்கித் தந்ததும், இறந்த துணையின் சொத்துக்குக் கட்டிய 3,63,053 டாலர் வரியைத் திருப்பிக் கேட்ட வழக்குதான். வானவில் (பிரைடு) ஊர்வலப் படங்களுக்குத் தரும் இடத்தில் பாதியையாவது தங்கள் நாளிதழ் இந்த வரி வழக்குக்குத் தர வேண்டும்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர்கள் சிலர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்