ப்ரேயரில் மயங்கி விழும் பிள்ளைகள் நடிக்கவில்லை

நீலகிரி மாவட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

என் மகள் கோத்தகிரியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு திங்கட்கிழமை ப்ரேயரில், "கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்று பக்கத்தில் நின்றவளின் ஸ்வெட்டரைப் பிடித்திருக்கிறாள். "நடிக்காம நேரா நில்லு" என்று அதட்டல் வந்தது. அடுத்த நிமிடம் விழுந்துவிட்டாள். மோவாயில் மூன்று தையல்.

மருத்துவர் அவளைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். மேல் அளவு 106. எழுந்து நிற்கச் சொல்லி மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தால் 82. இருபது இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். எழுந்து நிற்கும்போது யாருக்குமே சுமார் அரை லிட்டர் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். உடனே ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமெடுத்து, மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். கிடுகிடுவென்று வளரும் வயதில் சில பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் பிந்துகிறது. நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்பும். அட்டென்ஷனில் அசையாமல் நின்றால் அதுவும் இல்லை.

நம் மலைக் குளிரில் தாகம் தெரிவதில்லை. என் மகளின் தண்ணீர் பாட்டில் காலையில் போனபடியே சாயங்காலம் திரும்பி வரும். கேட்டால் முதலில் குளிர் என்றாள். அப்புறம் மெதுவாக, "பாத்ரூம் போக முடியாதும்மா" என்றாள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடிக்கும் பிள்ளைகள் ஒரு தம்ளர் டீயோடு கிளம்புகிறார்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். மளமளவென்று உயரும் வயது அதற்குப் பிறகுதானே வருகிறது? ரத்தசோகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையைத் தயவுசெய்து சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று பிள்ளைகள் துப்பிவிடுகிறார்கள். பழங்குடிப் பிள்ளைகள் சோர்ந்து விழுந்தால், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான சிக்கிள் செல் நோய்க்கும் பரிசோதிக்க வேண்டும். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டதே 1952-இல் நம் நீலகிரியில்தான்.

ப்ரேயரைப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். பேச்சு நீளும் என்றால் உட்காரவைத்துப் பேசுங்கள். தலை சுற்றுகிறது என்று குந்துகிற பிள்ளையை எழுப்பாதீர்கள். விழுந்த பிள்ளையைத் தூக்கி உட்காரவைப்பது, கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். அங்கேயே படுக்கவைத்து, காலைப் புத்தகப் பைமேல் தூக்கி வையுங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். ஆனால் ஓடும்போது விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அது வேறு விஷயம். இதயத்தைப் பார்க்க வேண்டும், உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அப்புறம் அந்தக் கழிப்பறை. குழாயில் தண்ணீரும் கதவில் தாழ்ப்பாளும் இருந்தால், பிள்ளைகள் பயமில்லாமல் தண்ணீர் குடிப்பார்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மா