வாய் திறக்காதது குற்றமா?

ஐயா,

காலைக் கூட்டத்தில் உறுதிமொழி சொல்லாத மாணவனுக்கு டி.சி. கொடுக்கச் சொல்பவர்கள், 1986 ஆகஸ்ட் 11இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்கட்டும். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1985 ஜூலையில் பள்ளி அவர்களை நீக்கியது. கல்வித் துறைச் சுற்றறிக்கைக்குச் சட்ட வலு கிடையாது, அதைக் காட்டி அரசமைப்பின் 19, 25ஆம் பிரிவுகள் தரும் கருத்துரிமையையும் மத உரிமையையும் பறிக்க முடியாது என்று சொல்லி, நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு மூவரையும் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமும் (1971), கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுத்தால், பாடும் கூட்டத்தைக் குலைத்தால்தான் தண்டிக்கிறது. உறுதிமொழி அதில் இல்லவே இல்லை. பிள்ளை மரியாதையாக நிற்கிறதா, மற்றவர்களுக்கு இடைஞ்சல் செய்கிறதா என்பதோடு தலைமையாசிரியர் நிறுத்திக்கொள்ளலாம்.