“குளிர்காலம் இயல்பாகவே இருந்தது” என்று எழுதியவர்களுக்கு

வானிலைத் துறையில் பருவகால அறிக்கை தயாரிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்குமான உங்கள் அறிக்கையில் ஒரு வரி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது: சராசரி வெப்பநிலை நீண்டகாலச் சராசரியை ஒட்டியே இருந்தது என்கிற வரி. என் இழப்பீட்டு மனுவைத் திருப்பி அனுப்பிய காப்பீட்டு அலுவலகம் அதைத்தான் அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறது. வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைக் காட்டி, என் பிளம்ஸ் தோட்டத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சாதிக்க முடிகிறது.

நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஜனவரி எலும்புவரை வாட்டியது. பிப்ரவரியோ கம்பளியைக் கழற்றி வைக்கச் சொன்னது. இரண்டையும் கூட்டி வகுத்தீர்கள். கணக்கு அழகாக நேராகிவிட்டது. ஒரு பாடத்தில் நூறும் இன்னொன்றில் பூஜ்யமும் வாங்கிய பையனுக்குச் சராசரி ஐம்பது, பாஸ் என்று சொல்வதுபோல.

மரம் சராசரி பார்த்துப் பூப்பதில்லை ஐயா. தனக்கு வேண்டிய குளிர் மணிநேரம், அதாவது குளிரில் உறங்கிக் கழிக்க வேண்டிய நேரம், நிறைந்ததும், அடுத்து வரும் வெதுவெதுப்பில் மொட்டு விழித்துக்கொள்ளும். பிப்ரவரி அதை எழுப்பிவிட்டது. மார்ச் முதல் வாரத்தில் உறைபனி இறங்கியது. விரிந்த பூவுக்கு மைனஸ் 2 டிகிரியிலேயே சேதம் தொடங்கிவிடும். மைனஸ் 5 வந்தால் பத்தில் ஒன்று தப்பினால் பெரிது. விடிந்து பார்த்தால் கிளையெல்லாம் வெள்ளை வெளேரென்று பூ. தூரத்தில் நின்று பார்த்தவர்கள் தப்பித்துவிட்டது என்றே சொன்னார்கள். ஒரு பூவைப் பறித்து நகத்தால் பிளந்து பார்த்தேன். இதழ் வாடவே இல்லை. உள்ளே பச்சையாக இருக்க வேண்டிய சூலகம் மட்டும் கறுத்துக் கிடந்தது. அடுத்த பூவும் அப்படியே. அந்தக் கிளை முழுக்க அப்படியே.

அந்த உறைபனி மார்ச்சில் வந்ததால் உங்கள் குளிர்காலக் கணக்கில் சேராது. வசந்தகால அறிக்கையில் மே மாத வெயிலோடு கலந்து காணாமல் போகும். காலண்டரைப் பார்த்துப் பனி பெய்யாதது அதன் குற்றம்தான்.

ஆகவே கேட்கிறேன்: சராசரியை வெளியிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே ஏற்ற இறக்கத்தையும் அச்சிடுங்கள். வாரவாரியான வெப்பநிலை, உறைபனி விழுந்த இரவுகள், கடைசி உறைபனியின் தேதி.

இன்னொன்று. நீங்கள் ஒப்பிடும் நீண்டகாலம் 1991–2020. பத்தாண்டுக்கு ஒருமுறை அது நகரும். உலக வானிலை அமைப்பு வகுத்த முறை, குறை சொல்லவில்லை. ஆனால் நீண்டகால மாற்றத்தை அளக்க 1961–1990ஐ அசையாத அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொன்னதும் அதே அமைப்புதான். இரண்டு காலகட்டங்களுக்கும் இடையே உலகச் சராசரி சுமார் அரை டிகிரி ஏறியிருக்கிறது. கோலையே உயர்த்திக்கொண்டு போனால் எந்தக் குளிர்காலம்தான் இயல்பாகத் தெரியாது? போதாக்குறைக்குத் தொலைக்காட்சியில் பிப்ரவரி வெயிலை “இதமான வானிலை” என்று சிரித்த முகத்தோடு வாசிக்கிறார்கள். யாருக்கு இதமோ! பூங்காவில் நடை போகிறவர்களுக்காக இருக்கும். சரி, அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

உங்களிடம் கேட்பது ஒரே ஒரு அட்டவணை. தினசரிப் பதிவுகள் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கின்றன. புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. சராசரியின் பக்கத்தில் ஏற்ற இறக்கம், 1991–2020இன் பக்கத்தில் 1961–1990. மேல்முறையீட்டுக்கான கெடு இந்த மாதக் கடைசி. அதற்குள் வெளியிட்டால் நகலெடுத்து மனுவோடு இணைத்துக்கொள்வேன். தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
பழத்தோட்டக்காரன் ஒருவன்