முதலில் ஓர் உளியும் ஒரு சாணைக்கல்லும்

நாகர்கோவில்
ஆனி 20

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாய் என்று எழுதியிருந்ததை இவளிடம் வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்பட்டாள். அடுத்த பக்கத்தில் நீ மரவேலை தொடங்கப்போவதாக எழுதியிருந்ததைக் கேட்டதும், "அண்ணனைத் தூசிக்குள்ள போகச் சொல்லாதீங்க, இழுப்பு உள்ள ஆளு" என்றாள். அதை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சாரல் பிடித்து ஒரு வாரம் ஆகிறது. மூத்தவளின் குழந்தைக்கு நாலாவது மாதம் நடக்கிறது. கவிழ்ந்து படுக்கப் பழகிவிட்டாள். ஆவணியில் சோறூட்டு. அதற்கு நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும். தேதி குறித்ததும் போன் செய்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கட்டிங் மெஷின், ரூட்டர், சாண்டர், டிரில் என்று நாலு சாமான் எழுதி, எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மக்கா, நாலையும் இப்போது வாங்காதே. உன் வீடு அடுக்குமாடியில் மூன்றாவது தளம். வேலை செய்ய இருப்பது பால்கனி. மெஷின் ஓடினால் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகும், அதையாவது பேசிச் சமாளிக்கலாம். தூசியை அப்படிச் சமாளிக்க முடியாது. உப்புத்தாள் போலத் தேய்க்கிற சாண்டரும் அறுக்கும் மெஷினும் கிளப்புகிற மாவு போன்ற தூள் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், நெஞ்சுக்குள் போகும். மரத்தூளை வருடக்கணக்கில் சுவாசித்தால் மூக்கில் புற்றுநோய் வரக்கூடும் என்பது மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லியிருக்கிற விஷயம். பலகையைச் சீவி மட்டமாக்குகிற இழைப்புளியிலிருந்து வருவது தூள் இல்லை, சுருள். கீழே விழுந்து கிடக்கும், பெருக்கி அள்ளிவிடலாம். உனக்குக் கைக்கருவிதான் சரி. கைரம்பம் கொஞ்சம் தூள் விடும், உப்புத்தாள் தேய்த்தால் நிறையவே விடும். அந்த இரண்டு வேலைக்கும் மூக்கில் நல்ல மாஸ்க் போட்டுக்கொள்.

நான் தொடங்கியது ஓய்வு பெற்ற மறுமாதம். ஒரு பெட்டி நிறைய சாமான் வாங்கி வந்தேன். மூன்று மாதம் எதுவும் உருப்படவில்லை. உளி வைத்தால் மரம் நசுங்கியது, இழைப்புளி தள்ளினால் திக்கித் திக்கிப் போய்ப் பலகை பிய்ந்தது. இது சின்ன வயதிலேயே கையில் ஏற வேண்டிய தொழில், இனி நமக்கு வராது என்று முடிவுக்கே வந்துவிட்டேன். அப்போதுதான் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிற ஆசாரி ஒருவர், எழுபது வயது தாண்டியவர், ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்தார். திண்ணையில் கிடந்த என் உளியை எடுத்துப் பெருவிரலில் வைத்துப் பார்த்தார். "சாரே, இது கடையிலேருந்து வந்தபடியே இருக்கே" என்றார். எனக்கு விளங்கவில்லை. புது உளி கூராகத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை. கடையில் இருப்பது உளியின் உருவம் மட்டும்தான். கூர் நாம்தான் போட வேண்டும்.

அன்றைக்கு அவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து காட்டியதைத்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் விட்டுவிடாதே.

ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நைசாகவும் இருக்கிற எண்ணெய்க்கல் ஒன்று வாங்கு. மெஷின் ஆயிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து கல்லில் விட வேண்டும். முதல் வேலை உளியின் சாய்வுப் பக்கத்தில் இல்லை, தட்டையான முதுகுப் பக்கத்தில். நுனியிலிருந்து ஒரு அங்குலம் வரை முதுகைக் கல்லில் படிய வைத்துத் தேய். புது உளியில் அது பார்வைக்குத்தான் தட்டை. தேய்த்துப் பார்த்தால் சில இடம் மினுங்கும், சில இடம் மங்கலாகவே இருக்கும். எல்லா இடமும் ஒன்றுபோல மினுங்கும் வரை விடாதே. இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம், ஆனால் உளியின் ஆயுசுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

அப்புறம் சாய்வு. கோணம் 25-லிருந்து 30 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. கோணமானி தேடாதே. சாய்வின் நீளம் தகட்டின் கனத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 டிகிரி, அவ்வளவுதான் கணக்கு. சாய்வைக் கல்லில் படிய வைத்து, கை ஆடாமல் இழுத்துத் தேய்த்துக்கொண்டே இரு. கொஞ்ச நேரத்தில் முதுகுப் பக்கம் விரலை வைத்துத் தடவிப் பார்த்தால், மயிரிழை போல ஒரு பிசிறு தட்டுப்படும். நுனியின் அகலம் முழுக்க அந்தப் பிசிறு வந்தால்தான் சாய்வும் முதுகும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன என்று அர்த்தம். அதுவரை நைஸ் பக்கத்துக்குப் போகாதே, பிரயோஜனம் இல்லை. பிசிறு வந்ததும் கல்லைத் திருப்பி, நைஸ் பக்கத்தில் சாய்வை நாலு தேய்ப்பு, முதுகை ஒரு தேய்ப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டால் பிசிறு உதிரும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, அதில் பத்துத் தடவை பின்னோக்கி இழு. பேப்பரை நிறுத்திப் பிடித்து உளியை வைத்தால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும்.

அன்று அந்த உளியை ஆசாரி ஒரு தேக்குத் துண்டின் தலைப்பக்கத்தில், அதுதான் நார் வெட்டுப்பட்டு நிற்கிற முனையில், வைத்துக் கையாலேயே அழுத்தினார். உளியைத் தட்டுகிற மரச் சுத்தியல், அதுதான் கொட்டாப்புளி, அதைத் தொடவில்லை. மரம் பாலாடை மாதிரி சீவி வந்தது, வெட்டின இடம் பளபளவென்று இருந்தது. அதே உளி, அதே மரம். மூன்று மாதமாக என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேனே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ அந்த மூன்று மாதத்தைக் கடக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. மழுங்கின உளிதான் கையை அதிகம் வெட்டும். அது மரத்துக்குள் போகாது, நாம் பலம் கொடுப்போம், சட்டென்று வழுக்கும். என் இடது உள்ளங்கையில் மூன்று தையல் போட்டது அப்படித்தான். அன்று மரத்துண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் செதுக்கினேன், அது இன்னொரு தப்பு. மரத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கு. இரண்டு கையும் உளியின் கூருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இதில் மட்டும் விதிவிலக்கு வேண்டாம் மக்கா.

வாங்க வேண்டியவை என்று பார்த்தால் கொஞ்சம்தான். அரை அங்குலத்தில் ஒன்று, ஒரு அங்குலத்தில் ஒன்று என இரண்டு பட்டை உளி, கல், கைரம்பம், மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கிற மூலமட்டம், கொட்டாப்புளி, இரண்டு கிளாம்ப், ஸ்டீல் ஸ்கேல். கோடு போடப் பென்சிலோடு ஒரு கூர்க்கத்தியும் வைத்துக்கொள். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு, கத்திக் கோட்டுக்குக் கிடையாது. உளியின் நுனி அந்தக் கீறலில் தானாகப் போய் உட்காரும். இழைப்புளி வாங்காதே, காரணம் கடைசியில் சொல்கிறேன்.

மரத்துக்குப் புதுத் தேக்கைத் தேடி ஓடாதே. வீடு இடித்த சாமான் விற்கிற கடைகள் உங்கள் ஊரில் நிறைய உண்டு. பழைய நிலைச்சட்டம், ஜன்னல் சட்டம் கேட்டு வாங்கு. ஐம்பது அறுபது வருடம் காய்ந்த மரம், இனி பெரிதாக முறுக்காது. ஆணி மிச்சம் இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு அறு. பச்சை மரம் என்றால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. நம்மிடம் அவ்வளவு பொறுமை ஏது? மா மலிவாகக் கிடைக்கும், ஆனால் சீக்கிரம் வண்டு துளைத்து மாவு கொட்டும். வேம்பைப் பூச்சி அவ்வளவாக அண்டாது, ஆனால் அதன் நார் ஒரு பட்டை இப்படியும் ஒரு பட்டை அப்படியும் சாய்ந்து ஓடும். புதிதாக இழைப்பவனுக்குப் பிய்ந்து பிய்ந்து வரும். பழைய தேக்குச் சட்டம்தான் நல்ல தொடக்கம்.

நாரோட்டத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்றால், மீனை நினைத்துக்கொள். வாலிலிருந்து தலைப்பக்கம் சுரண்டினால் செதில் எழும்பும், தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் படியும். பலகையின் பக்கவாட்டைப் பார்த்தால் நார் எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறது என்று தெரியும். ஏறுகிற திசையில் இழைத்தால் சுருள் நீளமாக வரும். பிய்கிறது என்றால் பலகையைத் திருப்பிப் போடு.

நீ புத்தக அலமாரி செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அது அடுத்த வருடம். முதலில் ஒரு மணைப்பலகை செய். ஏன் என்று சொல்கிறேன், இது எனக்கு நடந்தது.

போன ஐப்பசியில், நல்ல மழையில், ஒரு அடி அகல அயினிப் பலகையில் ஒரு மணை செய்தேன். கீழே குறுக்காக இரண்டு கட்டை. அசையாமல் இருக்கட்டும் என்று ஃபெவிகால் தடவி, மேலே ஆணியும் அடித்தேன். எவ்வளவோ திருப்தி. மாசி வெயிலில் ஒரு மத்தியானம் அடுக்களையில் டப்பென்று சத்தம். போய்ப் பார்த்தால் மணை நீளவாக்கில் பிளந்து கிடந்தது. மரம் விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, செய்தவன் நான்தான்.

பரணிலிருந்து என் ஆச்சியின் மணையை இறக்கித் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பலகையில்தான் நீயும் நானும் உட்கார்ந்து ஆச்சி சுட்ட முந்திரிக்கொத்தைத் தின்றிருக்கிறோம். அடியில் ஆணி ஒன்றுகூட இல்லை, பசையும் இல்லை. பலகையின் அடியில் குறுக்காக இரண்டு பள்ளம், வாய் குறுகி உள்ளே அகன்று, புறாவின் வால் மாதிரி. கட்டையின் மேல் ஓரத்தையும் அதே வடிவில் சீவி, பக்கத்திலிருந்து தள்ளி ஏற்றியிருக்கிறார்கள். கட்டை கழன்று விழாது, ஆனால் பலகை அதன் மேல் நகர முடியும்.

மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் அகலும், வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாற்றமே கிடையாது, எல்லாம் அகலத்தில்தான். ஒரு அடி அகலப் பலகை வருடத்தில் சுமார் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கூடிக் குறையும். நான் ஆணி அடித்த குறுக்குக்கட்டை தன் நீளத்தில் சுருங்கவில்லை, பலகை தன் அகலத்தில் சுருங்கப் பார்த்தது, விடவில்லை, பிளந்தது. இங்கே ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, அதனால் எங்கள் முன்கதவு வருடத்துக்கு இரண்டு முறை இறுகும். இன்று காலைகூடத் தோளால் தள்ளித்தான் திறந்தேன். வெட்டி எத்தனையோ வருடமான மரம் இன்னும் மழையைத் தெரிந்துவைத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மணை சின்னப் பொருள்தான், ஆனால் அளப்பது, நேராக அறுப்பது, பள்ளம் எடுப்பது, மரத்துக்கு நகர இடம் விடுவது எல்லாம் அதில் வந்துவிடும். அலமாரியின் தட்டுக்கும் இதே கணக்குதான்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கல்லூரி நாளில் சைக்கிளில் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? முக்கால் மணி நேரத்தில் சுற்றிவிட்டு வெளியே வந்து டீ குடித்தோம். பங்குனியில் திரும்பவும் போனேன். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அது. நம் மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பு கேரள அரசின் தொல்லியல் துறையிடம்தான். முகப்பு மண்டபமான பூமுகத்தின் மேற்கூரையில் 90 விதமான பூக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே தாய்க்கொட்டாரம் என்கிற பகுதியில் ஒரே பலா மரத்தில் கடைந்த தூண் நிற்கிறது. அன்று இது எதையும் நாம் பார்க்கவில்லை மக்கா, நடந்து போனோம், அவ்வளவுதான். இந்தத் தடவை அந்தத் தூணுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். மின்சாரம் இல்லாத காலத்து வேலை. எத்தனை தடவை அந்த உளிகளைக் கல்லில் போட்டிருப்பார்கள் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். நீ வரும்போது ஒரு நாள் முழுவதும் அங்கே போகலாம்.

இன்னும் ஒன்று. வேலை முடிந்து ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதே. அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டின துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப் போடு.

பேத்தியின் சோறூட்டுக்கு ஆச்சியின் மணையைப் போலவே ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஒரு பள்ளம் எடுத்து முடித்தாயிற்று, இன்னொன்று பாக்கி. கட்டை ஏறும்போது கடைசி இரண்டு அங்குலம் இறுகுகிறது, இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும். இழைப்புளி என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றைக் கூர் போட்டு உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். ஆவணியில் வரும்போது வாங்கிப் போ. அதற்குள் உன் அரை அங்குல உளியைக் கல்லில் போட்டுப் பழகி, அதையும் கொண்டு வா. ஆசாரியிடம் காட்டலாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கண்ணில் சொட்டு மருந்து விடுவதை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
உன் மக்கா