அப்பாவின் கண்கள்

அன்புள்ள செந்திலுக்கு,

நீ துபாய் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. போனில் எல்லாம் பேசுகிறாய். அப்பாவின் கண்களைத் தானம் செய்ததை மட்டும் கேட்பதில்லை. "மகன் வருவதற்குள் கண்ணைத் தோண்டிக் கொடுத்துவிட்டாள்" என்று பெரியத்தை உன்னிடம் சொல்லியிருப்பார்.

தோண்டவில்லையப்பா. இரவு பத்தரை மணிக்கு அப்பாவுக்கு மூச்சு அடங்கியது. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். உனக்கோ விடியற்காலை விமானம். கண் வங்கியில் சொன்னபடி மின்விசிறியை நிறுத்தினேன். தலையணை வைத்துத் தலையை உயர்த்தினேன். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தேன், கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கருவிழி காய்ந்துவிடக் கூடாதாம். வீடு நிறைய அழுகை. எனக்கு மட்டும் ஒரு வேலை இருந்தது. பஞ்சு காயக் காய நனைத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை இல்லாவிட்டால் அன்றிரவு நான் என்ன ஆகியிருப்பேனோ.

வந்தவர்கள் கையெழுத்து வாங்கினார்கள், பரிசோதனைக்குக் கொஞ்சம் இரத்தம் எடுத்தார்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் நீ முகத்தைத் தடவிப் பார்த்தாயே, ஏதாவது தெரிந்ததா? சர்க்கரை, கண்புரை ஆபரேஷன் எதுவும் இதற்குத் தடையில்லையாம்.

கடிகாரக் கடையில் அப்பா சொல்வார்: "மேல் கண்ணாடி கீறினால் கடிகாரத்தையா தூக்கிப் போடுவது?" கருவிழி தழும்பேறியவர்களுக்கும் அதே கதைதான். உள்ளே எல்லாம் சரியாக ஓடும்; வெளிச்சம் நுழைய வழி இருக்காது. அப்பாவின் கருவிழிகளை இரண்டு பேருக்குப் பொருத்தியாயிற்று என்றார்கள். யார் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பாராம், பெரியத்தை சொல்கிறார். அப்படிப் பார்த்தால் எரித்தவர்களெல்லாம் உடம்பே இல்லாமல் அல்லவா பிறக்க வேண்டும்? பெரியத்தை பிறப்பதற்கு முன்பே, 1945-இல், எழும்பூர் கண் மருத்துவமனையில் கண் வங்கி வந்துவிட்டது.

தோலையும் கொடுக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. தொடையிலும் முதுகிலும் மெல்லிய மேல் படலத்தை மட்டும் உரித்துக் கட்டுப் போட்டுவிடுவார்களாம். தீக்காயம் பட்டவர்களுக்குச் சொந்தத் தோல் வளரும்வரை அது போர்வை மாதிரி. இரத்தப் பிரிவுகூடப் பொருந்த வேண்டியதில்லை. அடுப்பில் சேலை பற்றி நம் தெருவில் ஒரு பெண் பட்ட பாட்டை நீயும் பார்த்திருக்கிறாய்.

என் கண், தோல் இரண்டையும் தானமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அட்டை பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. அட்டை மட்டும் போதாது. வீட்டார் சம்மதித்துப் போன் செய்தால்தான் வருவார்கள். நீ எந்த ஊரில் இருந்தாலும் முதல் போன் அவர்களுக்குச் செய். மின்விசிறியை நிறுத்தச் சொல்லவும் மறந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா